காலை ஆறு முதல் ஏழு வரை

ஜனவரி 30, வெள்ளி

இந்த டைரி ஹூஸ்டனில் எங்கள் மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு பக்கம் அரிசி விளம்பரம். எனக்கு எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சார்ட் எழுதிய கை இது. வேலையை விட்ட ஒரு வாரத்திலேயே அரிக்கிறது. இனி ரொவியின் சார்ட் எழுதுவேன்.

ரொவி என் மகள். முழுப் பெயர் ரொவீனா கொரேரா. வயது பத்தொன்பது. கால்பந்தில் ஃபார்வர்டு, அதாவது கோல் போடுவதுதான் அவள் வேலை. போன அக்டோபரில் அமெரிக்க அணிக்காகக் கடைசிப் பதினோரு நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டாள். அந்தப் பதினோரு நிமிடத்துக்கு, தூத்துக்குடியில் என் அண்ணன் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். 'அமெரிக்காவைக் கலக்கும் எங்கள் தங்கமே' என்று போட்டு, ரொவி படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தான். நான் அதைப் போனில் தினமும் பார்க்கிறேன். அண்ணன் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன்.

இப்போது பஃபலோ கிளப் அவளை எடுத்திருக்கிறது. மூன்று வருஷ ஒப்பந்தம். தனியாகவே போய் இருந்துகொள்கிறேன் என்றாள். கல்யாணம் ஆகாத பெண்ணைத் தெரியாத ஊரில் தனியாக விட நான் என்ன அமெரிக்கக்காரியா? பாஸ்போர்ட் அப்படித்தான் சொல்கிறது, அது வேறு விஷயம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்துவிட்டேன். இவள் அப்பா ஜெரால்டு ரிஃபைனரி வேலையோடு ஹூஸ்டனில் இருக்கிறார். இனியாவது வெந்நீர் வைக்கக் கற்றுக்கொள்வார்.

வீடு மூன்றாவது மாடி. குளிருக்காகச் சன்னல்களைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார்கள், திறக்க முடியாது. கீழே கார் நிறுத்தும் இடம் தெரிகிறது. மற்றபடி எல்லாம் வெள்ளை.

எடை 62.4. தூக்கம் எட்டு மணி நேரம். சாப்பாடு நன்று.

பிப்ரவரி 1, ஞாயிறு

முக்கியமான வேலை ஒன்றை முடித்தேன். தேசிய அணிப் பட்டியலில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதற்காகத் தினமும் ஏதாவது ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று ஆப்பில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வந்து ஆள் இல்லாவிட்டால் ஒரு தப்பு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தப்பு ஆனால் இரண்டு வருஷம் வரை தடை. மருந்து சாப்பிட்டாளா இல்லையா என்ற கேள்வியே கிடையாது.

காலை ஆறு முதல் ஏழு வரை, இந்த வீடு என்று மார்ச் கடைசி வரைக்கும் நிரப்பினேன். அந்த நேரத்தில் பிள்ளை வேறு எங்கே போகப் போகிறது?

"நானே எழுதிக்கிடுதேனேம்மா" என்றாள்.

"நீ மறந்துருவட்டி. இது விளையாட்டு இல்ல" என்றேன்.

"விளையாட்டுக்குத்தானம்மா இது?" என்று சிரித்தாள். வாய் மட்டும் என்னைக் கொண்டிருக்கிறது.

அவள் மெயிலும் என் போனில்தான் திறக்கும். அவள் கையில் கட்டியிருக்கும் வாட்ச், எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு விழித்தாள் என்று என் போனுக்குச் சொல்லிவிடும். வார்டில் பன்னிரண்டு பேரைப் பார்த்தவளுக்கு ஒரு ஆளைப் பார்ப்பது பெரிய காரியமா?

பிப்ரவரி 4, புதன்

எடை 62.1. தூக்கம் ஏழரை. காலையில் ஓட்ஸ், இரண்டு முட்டை. மாலையில் கணுக்காலுக்கு ஐஸ். விடிவதற்கு முன்பே எழுந்து சன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். ஹூஸ்டனில் வளர்ந்த பிள்ளை, பனியை ரசிக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

தலையில் இடி. லூர்து மாதா திருநாள் என்று ஆறேகால் பூசைக்கு நடந்து போனேன். ஏழு இருபதுக்குத் திரும்பினால் கதவில் ஒரு தாள் செருகியிருக்கிறது. சோதனைக்காரர்கள் ஆறு மணிக்கே வந்து ஒரு மணி நேரம் பெல் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரொவி உள்ளேதான் இருந்திருக்கிறாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாளாம்.

"ஒரு மணி நேரமா கேக்கல?"

"கேக்கலம்மா. ஸாரி."

வாட்ச் அவள் ஐந்து நாற்பதுக்கே விழித்துவிட்டதாகக் காட்டுகிறது. மலிவு வாட்ச், இதையெல்லாம் நம்ப முடியாது. கடைக்குப் போய்ச் செவிட்டுக் காதுக்கும் கேட்கிற பெல் ஒன்று வாங்கி மாட்டினேன். ஹெட்போனை எடுத்து என் பீரோவில் வைத்தேன். முதல் தப்பு. போகட்டும், இன்னும் இரண்டு இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டு அடி பனி. பயிற்சி இல்லை என்று கிளப்பில் இருந்து செய்தி வந்ததும் ரொவி படுக்கையிலேயே எம்பிக் குதித்தாள். பத்தரை வரை தூங்கினாள். பிறகு கீழே போய், இரண்டாவது மாடியில் இருக்கும் பெரியவரின் காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தாள். அவர் ஏதோ சொல்ல, இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது மேலே வரைக்கும் கேட்டது. இந்தச் சிரிப்பை இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள்?

மூக்கெல்லாம் சிவந்து மேலே வந்தவள், "தினமும் இப்படியே இருந்தா எப்டிம்மா இருக்கும்? பால் இல்லாம" என்றாள். ஃபிரிட்ஜில் பால் இருக்கிறதே என்றேன். "கால்பந்தச் சொன்னேம்மா" என்றாள். மிளகு ரசம் சூடாக ஒரு தம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். சளி பிடிக்காமல் இருக்கிறது, அதுவே போதும்.

ஒரு நாள் ஓய்வு இவ்வளவு தெம்பு கொடுக்கிறதென்றால், சீசனில் நன்றாக ஆடுவாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

இரண்டாவது தப்பும் ஆகிவிட்டது.

காலை ஐந்து ஐம்பதுக்கு நான் அடுக்களையில் இருந்தேன். "பால் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ரொவி கீழே இறங்கினாள். ஆறு மணிக்கு அந்தப் புதுப் பெல் அலறியது. கதவைத் திறந்தால் சோதனைக்காரி ஒருத்தி, நீலப் பெட்டியோடு. கூட இன்னொருத்தி. ரொவிக்குப் போன் போட்டேன். போன் அவள் தலையணைக்கு அடியில் இருந்து பாடியது. கடை நான்கு நிமிட நடை. ஆறரை ஆயிற்று, ஆறு ஐம்பது ஆயிற்று. நான் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, சோதனைக்காரியே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு "உட்காருங்கள்" என்றாள். ஏழு மணிக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு பத்துக்குப் பால் கேனோடு வருகிறாள் மகராசி.

"வழுக்குச்சிம்மா. மெதுவா நடந்தேன்."

பனியில் வழுக்கும்தான். ஃபிரிட்ஜைத் திறந்தால் ஏற்கெனவே இரண்டு கேன் பால் இருக்கிறது. பிள்ளைக்கு மறதி. நெருக்கடியில் மறதி வரும், வார்டில் பார்த்திருக்கிறேன்.

எடை 60.0. தூக்கம் ஐந்தரை. இன்னும் ஒரே ஒரு தப்பு. அதோடு எல்லாம் போய்விடும்.

மார்ச் 1, ஞாயிறு

தபசு காலம் முழுக்க, ஈஸ்டர் வரை, காலைப் பூசைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஆண்டவர் மன்னிப்பார், சோதனைக்காரி மன்னிக்க மாட்டாள். ஹாலில் இருந்த சோபாவை வாசல் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு அதில்தான் படுக்கிறேன். ரொவியின் ஷூக்கள் ஐந்து ஜோடியும் கார்ச் சாவியும் என் அறையில். காலை ஏழு மணி ஒரு நிமிடத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஜெரால்டு போனில் கேட்டு ஆடிப்போய்விட்டார்.

"எமல்டா, பிள்ளைய ஜெயில்லயா வச்சிருக்க?"

"ஆமா, நான் என்ன வெளியிலயா திரியுதேன்? நானும் உள்ளதான் கெடக்கேன்."

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"என்னத்தக் கேக்கணும்?"

அங்கே பனி எப்படி என்று கேட்டார். போனில் பேச்சை மாற்றுவதற்கு அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் நான் யாரிடம் பேசுகிறேன்? எங்கே போகிறேன்? நாலு சுவர், ஒரு அடுப்பு, ஒரு போன். யாருக்காக இந்தச் சிறை? கத்திவிட்டு வைத்துவிட்டேன். ரொவி அறைக்குள் இருந்து கேட்டிருப்பாள். கேட்கட்டும்.

மார்ச் 7, சனி

பயிற்சி மைதானத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன். வந்து சேர்ந்த பிறகும் ரொவி இறங்கவில்லை. இப்போதெல்லாம் இப்படித்தான், சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். மனதைத் தயார்படுத்துகிறாள் போல.

"அம்மா, நான் ஆடாம இருந்தா நீ என்ன செய்வ?"

"ஏட்டி, காலு வலிக்கா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"அப்பம் ஏன் கேக்க? இந்தா, வாழப்பழம் தின்னு."

பழத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். தோலைக்கூட உரிக்காமல் பைக்குள் போட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். சும்மா என்றால் சும்மாதான். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் ஏதாவது கேட்கும்.

மார்ச் 14, சனி

சீசனின் முதல் ஆட்டம். அறுபதாவது நிமிடத்தில் இறக்கினார்கள். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறாள், பந்து ரொவி காலடியில், ஆறு அடி தூரத்தில் வெறும் வலை. வெளியே அடித்தாள். எனக்கு முன்னால் இருந்தவன் தலையில் கை வைத்தான். ரொவி வைக்கவில்லை. பந்து போன திசையைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிந்ததும் கோச் என்னிடம் வந்து, "அவள் சரியாகத் தூங்குகிறாளா?" என்று கேட்டாள். நன்றாகத் தூங்குகிறாள் என்றேன்.

எடை 58.9. தூக்கம் நாலேமுக்கால்.

மார்ச் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஐந்து ஐம்பதுக்குக் குளியலறைக்குப் போனேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்தால் சோபா நகர்ந்திருக்கிறது, கதவு ஒருக்களித்திருக்கிறது. ரொவி படுக்கையில் வாட்ச்சும் போனும் மட்டும் கிடக்கின்றன. ஷூ ஐந்து ஜோடியும் என் அறையில் அப்படியே இருக்கின்றன.

ஆறு இரண்டுக்குப் பெல் அடித்தது. அதே சோதனைக்காரியும் அவள் கூட்டாளியும், அதே நீலப் பெட்டி. என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "கீழே துணி துவைக்கப் போயிருக்கிறாள், இதோ கூட்டி வருகிறேன்." பச்சைப் பொய். சொல்லிவிட்டு ஓடினேன். கார்கள் நிற்கிற இடம் முழுக்கத் தேடினேன். செருப்போடு பனியில் கடை வரைக்கும் ஓடினேன். இரண்டாவது மாடிப் பெரியவர் கதவைத் தட்டினேன். எங்கும் இல்லை. திரும்பும்போது மணி ஆறு முப்பத்தொன்று. கடைசியாகத்தான் தரைக்கடியில் இருக்கும் துணி துவைக்கும் அறைக்குப் போனேன். நான் பொய் என்று நினைத்துச் சொன்ன இடத்திலேயே இருந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த டிரையர் மேல் ஏறி, சாக்ஸ் போட்ட காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரையருக்குள் துணியே இல்லை. சூட்டுக்காகப் போட்டிருக்கிறாள்.

"ஏட்டி, மேல வந்து நிக்காவ! ஓடியா!"

"தெரியும்மா. கார் வந்ததப் பாத்துட்டுத்தான் எறங்குனேன்."

"என்னது?"

"பச்சக் கார். ஆறு மணிக்கு முன்னாடியே வந்து நிப்பாங்க. சன்னல்ல இருந்து தெரியும்."

மெஷினைப் பிடித்துக்கொண்டேன். "அப்பம் பால் வாங்கப் போனது?"

"காரப் பாத்துட்டுத்தான்."

"மொத நா தூங்கிட்டேன்னியே?"

"முழிச்சுத்தான் கெடந்தேன். பதினோரு தடவ பெல் அடிச்சாங்க. எண்ணுனேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாளிக்க வந்திருக்கும். "இது மூணாவதும்மா. ஏழு மணி ஆனா முடிஞ்சுரும்."

"கிறுக்கி! தடைன்னா என்னன்னு தெரியுமா? மருந்து தின்னவன்னு ஊரு பூரா பேசும். காலம் பூரா உம்பேருக்குப் பக்கத்துல நிக்கும்."

"நிக்கட்டும்."

"ஆடப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லலாம்லா?"

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "சொன்னேம்மா. நாலு தடவ சொன்னேன். காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு மொத நா சொன்னேன். ப்ளேன்ல சொன்னேன். ஸ்னோ அன்னைக்குச் சொன்னேன். கார்ல சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாப்பிட ஏதாவது குடுத்த."

டிரையர் நின்றது.

"நான் சொன்னா நீ கேக்க மாட்ட. அவங்க சொன்னா நீ கேட்டுத்தான ஆகணும்? அதான்" என்றாள்.

ஆறு நாற்பத்தொன்று. என் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டிய நேரம் அது என்று இப்போது தெரிகிறது. நான் கணக்காக மணியைப் பார்த்தேன். "இந்தா பாரு. நீ ஆட வேண்டாம். இன்னைக்கே அணிக்கும் கிளப்புக்கும் நானே மெயில் எழுதுதேன். ஆனா கள்ளின்னு பேரு வாங்கி வெளிய வர வேண்டாம்ளா. தல நிமிந்து வா. இப்பம் மட்டும் மேல ஏறு."

"நீ எழுத மாட்ட."

"பனிமய மாதா மேல ஆணையாச் சொல்லுதேன். இன்னைக்கே."

எங்கள் தூத்துக்குடிக்காரி அந்த மாதா பெயரில் விளையாட மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இறங்கினாள். ஆறு ஐம்பத்திரண்டுக்குச் சோதனைக்காரி முன்னால் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் சிறுநீர் வரவில்லை. தண்ணீராகக் குடித்தாள். சோதனைக்காரி அவளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாதாம், கழிவறை வரைக்கும் கூடவே போனாள். நான் உப்புமா கிண்டினேன். எங்கள் வீட்டில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அவர்களுக்குச் சட்டம். முந்திரிப் பருப்பைப் பார்த்துக்கொண்டே மறுத்தார்கள். ஒன்பது மணிக்கு முடிந்தது.

ரொவி தட்டைத் தொடவில்லை. "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் எழுதுகிறேன் என்றேன்.

மார்ச் 25, புதன்

இன்று மங்கள வார்த்தைத் திருநாள், தேவதூதர் மாதாவுக்கு நல்ல செய்தி கொண்டுவந்த நாள். காலை பத்து மணிக்கு ரொவியின் மெயில் என் போனில் வந்து விழுந்தது. அமெரிக்க அணியின் ஏப்ரல் முகாமுக்கு இருபத்தாறு பேர். பதினெட்டாவது பெயர் ரொவீனா கொரேரா. பதினோரு நிமிடத்துக்கு இல்லை, முழு முகாமுக்கு. திருநாள் அன்று இப்படி ஒரு செய்தி வந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்காதா?

ரொவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சரிம்மா" என்றாள்.

அண்ணனுக்கு மட்டும் சொன்னேன்.

மார்ச் 26, வியாழன்

ஓட்ஸ் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக, வர, துணி மடிக்க என்று நேரம் போனது. மெயில் எழுத முடியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஏப்ரல் மாதத்துக்கு ஆப்பில் நிரப்பினேன். ஆறு முதல் ஏழு வரை.

மார்ச் 28, சனி

இரண்டு கோல்! முதலாவது இடது காலால், இரண்டாவது தலையால். மைதானமே எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்தவளிடம் "அது என் மகள்" என்றேன். இருபத்திரண்டு வருஷம் வார்டில் 'நர்ஸ், நர்ஸ்' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவள் நான். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

காரில் சொன்னேன்: "பாத்தியா? உனக்குள்ள இருக்குட்டி அது."

"சரிம்மா."

"ஏப்ரல் முகாம மட்டும் முடிச்சிருவோம். அப்புறம் பேசிக்கிடுவோம், என்ன?"

"சரிம்மா."

எதற்கும் சரிம்மாதான். சண்டை போட்டால்கூடப் பதில் சொல்லலாம்.

எடை 57.6. தூக்கம் நான்கு.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போனேன், குருத்தோலை வாங்கினேன். நற்கருணை வாங்க வரிசையில் போகவில்லை. மனதில் பாவம் இருப்பவர்கள்தான் வாங்கக் கூடாது, எனக்குத் தொண்டை கரகரப்பு, அவ்வளவுதான்.

ஒன்று எழுத வேண்டும். சோதனை நடந்த அன்றைக்கு மறுநாளிலிருந்து ரொவி ஐந்து ஐம்பதுக்கே எழுந்து, ஷூ இல்லாத காலோடு, சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்து வந்து என் சோபாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். சன்னல் பக்கம் போவதே இல்லை. கையைத் தொடைமேல் வைத்துக் கதவைப் பார்த்தபடி ஏழு மணி வரை இருக்கிறாள். போய்ப் படுத்துக்கொள், வந்தால் எழுப்புகிறேன் என்றேன். "பரவால்லம்மா. இங்கயே இருக்கேன்" என்றாள். ஆபரேஷனுக்குக் கூப்பிடக் காத்திருப்பவர்கள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

மதியம் ரொவி பயிற்சிக்குப் போன பிறகு, முகாமுக்கு அனுப்ப வேண்டிய உடல்நல விவரத்துக்காக எடைகளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 62.4. 62.1. 60.0. 58.9. 57.6. தூக்கம் எட்டு, ஏழரை, ஐந்தரை, நாலேமுக்கால், நான்கு. இடையில் என் கையெழுத்திலேயே 'பேசாமல் இருந்தாள்', 'தட்டைத் தொடவில்லை', 'சரிம்மா', 'சரிம்மா'.

டியூட்டி மாறும்போது வேறொரு நர்ஸ் இந்தச் சார்ட்டை என் கையில் கொடுத்திருந்தால், நான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். இரண்டு மாதமாக என்ன பார்த்துக்கொண்டிருந்தாய், டாக்டரை ஏன் கூப்பிடவில்லை, நீயெல்லாம் எதற்கு இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டிருப்பேன். இத்தனை நாள் ஒவ்வொரு எண்ணையும் நான்தான் எழுதினேன். எழுதிய கையால் ஒன்றும் செய்யவில்லை.

மேஜையில் தலையை வைத்து அழுதேன். ஜெரால்டுக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் எடுக்காதவர், எடுத்தார்.

"பிள்ளைக்கு ஆடப் பிடிக்கலங்க."

"தெரியும்" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"போன வருஷமே எங்கிட்டச் சொல்லிச்சு. நீ ஃப்ளெக்ஸப் பாத்துக்கிட்டு இருந்த. ஒங்கிட்டச் சொல்ல எனக்கும் தைரியம் இல்ல." அவர் குரலும் உடைந்துவிட்டது. "ரெண்டு பேரும் வந்துருங்கட்டி. வீடு வீடாவே இல்ல."

ரொவி வருவதற்குள் மெயிலை எழுதிவைத்தேன். அணிக்கு, கிளப்புக்கு, சோதனை அலுவலகத்துக்கு. எழுதினேனே தவிர அனுப்ப விரல் போகவில்லை.

ஏப்ரல் 1, புதன்

ஐந்து ஐம்பதுக்கு ரொவி வழக்கம்போல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் சோபாவில் இருந்து எழுந்து போனை அவள் கையில் கொடுத்தேன்.

"படிச்சுப் பாரு. நீ அனுப்பு."

ஒரு முறை படித்தாள். நம்பாமல் இன்னொரு முறை மேலிருந்து படித்தாள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தற்காலிகமாக விலகுகிறேன்' என்று எழுதியிருந்தேன். அவள் குடும்பச் சூழ்நிலையை எடுத்துவிட்டு 'என் விருப்பப்படி' என்று மாற்றினாள். 'தற்காலிகமாக' என்பதை அழித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வலித்தது, வாயைத் திறக்கவில்லை. அனுப்பினாள். சத்தம் வந்தது. மூன்று பேருக்கும் போய்விட்டது.

"இனி இந்த மெயிலு, அந்த ஆப்பு எல்லாம் நீயே வச்சிக்கிடு. பாஸ்வேர்ட மாத்திரு" என்றேன். "எங்கிட்டச் சொல்லாண்டாம்."

அவள் உதடு கோணியது. சின்னப் பிள்ளையில் விழுந்து எழுந்ததும் அழலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். இந்தத் தடவை மணியைப் பார்க்காமல் கட்டிக்கொண்டேன். எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது.

"மாதா மேல ஆணையிட்டேன், எட்டு நா கடத்திட்டேம்ட்டி. மன்னிச்சிரு."

"பரவால்லம்மா" என்று தோளில் அழுதாள். பிறகு, "நான் போய்த் தூங்கவா?" என்று கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண், தூங்குவதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள்.

"போ. போய்ப் படு."

பதில் வரும் வரை பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து அவர்கள் வந்தாலும் வருவார்கள். அதனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். காலை ஆறு முதல் ஏழு வரை ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தால் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. கிளப்காரர்கள் என்ன சொல்வார்கள், வழக்குப் போடுவார்களா, அண்ணன் ஊரில் எப்படி முகம் காட்டுவான் என்றெல்லாம் நினைத்தேன். ஏழு வரை யாரும் வரவில்லை.

எட்டு மணிக்கு அவளை ஓட்ஸுக்கு எழுப்பும் நேரம். எழுப்பவில்லை. ஒன்பதரைக்குப் பயிற்சிக்குக் கிளம்பும் நேரம். கால் தானாக அவள் அறைக்குப் போய்விட்டது, தட்டக் கையும் தூக்கிவிட்டேன். கையை இறக்கிக்கொண்டு திரும்பி வந்து சோபாவைக் கதவிலிருந்து இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். சத்தம் வராமல் இழுக்க ஐந்து நிமிடம் பிடித்தது.

இப்போது பதினொன்றேகால். இன்னும் தூங்குகிறாள்.